பூஜ்யத்தில் நின்ற கோடு: சிங்கப்பூரிலிருந்து செய்த உறைமண் ஆய்வில் நேர்ந்த ஒரு தரவுப் பிழை

இது ஓர் இறுதியாண்டு மாணவியின் ஆய்வில் நடந்தது. ஆய்வு வட அலாஸ்காவின் மண்ணைப் பற்றியது. செய்தது சிங்கப்பூரில், ஓர் ஏர்கான் அறையில். தவறு மாணவியுடையது அல்ல, என்னுடையது. அவருக்குத் துணை வழிகாட்டியாக இருந்தவன் நான். தரவைச் சுத்தம் செய்யும் நிரலை எழுதியவனும் நான்தான். சம்பந்தப்பட்டவர்கள் சம்மதத்துடன் எழுதுகிறேன். பெயர்கள், கல்வி நிலையம், அளவீட்டு நிலையங்களின் அடையாளம் எதையும் சொல்லவில்லை.

பின்னணி

மாணவி உட்லண்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். பனி பெய்து பார்த்ததில்லை. சிங்கப்பூரில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 1989 பிப்ரவரியில் பாய லேபாரில் பதிவான 19 டிகிரி செல்சியஸ்தான். மழை நாளில் 22க்கு இறங்கினாலே ஸ்வெட்டர் தேடும் ஊர் இது.

இங்கிருந்து உறைமண் ஆய்வா என்று கேட்கலாம். கேட்டார்கள். ஆர்க்டிக் மன்றத்தில் சிங்கப்பூர் 2013 முதல் பார்வையாளர் நாடு. அதே கூட்டத்தில்தான் இந்தியாவும் சேர்ந்தது. செயற்கைக்கோள் படங்கள், மண் வெப்பநிலை அளவீடுகள், உயர வரைபடங்கள் எல்லாம் பெரும்பாலும் இலவசமாகவே கிடைக்கின்றன. பயணச் செலவு இல்லை. மாணவி தன் காரணத்தை நேராகச் சொன்னார்: "நம்ம தீவுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு கடல் மட்டத்துலேருந்து 5 மீட்டர் உயரம்கூட இல்லை சார். அங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்."

இதில் ஒரு சின்னத் திருத்தம் தேவைப்பட்டது. கடல் மட்டத்தைப் பெரிதாக உயர்த்துவது கிரீன்லாந்து, அண்டார்க்டிகா பனிப்பாளங்களும், சூடேறி விரியும் கடல்நீரும். உறைமண்ணில் இருக்கும் பனி அந்தக் கணக்கில் பெரிய பங்கு அல்ல. அதன் ஆபத்து வேறு வழியில் வருகிறது. தொடர்ந்து இரண்டு ஆண்டுகளாவது 0 டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தைத்தான் உறைமண் என்கிறோம். வட அரைக்கோள நிலப்பரப்பில் ஏறக்குறைய 15 சதவீதத்துக்கு அடியில் அது கிடக்கிறது. அந்தப் பகுதி மண்ணில் மக்காமல் தேங்கியிருக்கும் கரிமம் 1,460 முதல் 1,600 பில்லியன் டன். காற்றில் இப்போது இருப்பதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. மண் இளகினால் நுண்ணுயிர்கள் வேலையைத் தொடங்கும். கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியேறும். பூமி இன்னும் சூடாகும்.

நிலமும் உருமாறும். வட அலாஸ்காவின் கடலோரச் சமவெளியை மேலிருந்து பார்த்தால், பாளம் பாளமாக வெடித்த வயல் போலத் தெரியும். ஒவ்வொரு கட்டமும் 10 முதல் 30 மீட்டர் அகலம். கடுங்குளிரில் தரை வெடிக்கிறது. வசந்தத்தில் பனி உருகிய நீர் வெடிப்பில் இறங்கி உறைகிறது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி வெடிக்கிறது. நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் அந்த வெடிப்புக்குள் ஆப்பு வடிவில் சுத்தமான பனி வளர்ந்துவிடுகிறது. கோடையில் இளகும் மேலடுக்கு சற்று ஆழமானாலும் போதும், ஆப்பின் தலை உருகும், மேலிருக்கும் தரை அமுங்கும், கட்டங்களுக்கு நடுவே வாய்க்கால் விழும். முதலில் அங்கே நீர் தேங்கும். வாய்க்கால்கள் ஒன்றோடொன்று சேர்ந்தால் நீர் வடிந்து, சதுப்பாக இருந்த நிலமே காய்ந்துபோகும். சைபீரியாவின் பதகாய் பள்ளம் இதன் பெரிய வடிவம்: காடு வெட்டப்பட்ட சரிவில் தொடங்கி, இன்று சுமார் ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குத் தரை உள்வாங்கிக் கிடக்கிறது.

மாணவி எடுத்துக்கொண்ட கேள்வி சிறியது. கோடையில் இளகும் மேலடுக்கு இலையுதிர் காலத்தில் மறுபடி எப்போது முழுதாக உறைகிறது? அந்தத் தேதி தள்ளிப்போகிறதா? தள்ளிப்போகும் இடங்களில் தரை அமுங்கியிருக்கிறதா?

தரவும் நிரலும்

மூன்று நிலையங்களின் மண் வெப்பநிலை, மணிக்கு ஒரு அளவு, பதினைந்து ஆண்டுகள். 30 சென்டிமீட்டர் ஆழத்து அளவை முதன்மையாக வைத்துக்கொண்டோம். "உறைவுத் தேதி" என்பதற்கு எளிய வரையறை: மண் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே இறங்கி, பிறகு ஏறாமல் இருக்கும் முதல் நாள்.

நிரல் என்னுடையது என்று சொன்னேன். சில ஆண்டுகளுக்கு முன், இங்கே அடுக்குமாடிக் கட்டடங்களின் மொட்டைமாடித் தோட்டங்களில் வைத்த வெப்பமானிகளுக்காக எழுதியது. அதில் ஒரு விதி: 24 மணி நேரத்துக்கு அளவு அசையாமல் ஒரே இடத்தில் நின்றால், சென்சர் செத்துவிட்டது என்று பொருள். அந்த அளவுகளை நீக்கு. பாதுகாப்புக்காக இரு பக்கமும் மூன்று நாள் கூடுதலாக நீக்கு. இடைவெளியை நேர்கோட்டால் நிரப்பு.

சிங்கப்பூர் மொட்டைமாடிக்கு இது நல்ல விதி. காலையில் 25, மதியம் 33, மாலை மழை வந்தால் சட்டென்று இறக்கம். ஒரு முழு நாள் அசையாத வெப்பமானி இங்கே நிஜமாகவே பழுதானதுதான். மூன்று ஆண்டு ஓடிய நிரல், ஒருமுறைகூட ஏமாற்றவில்லை. அந்த நம்பிக்கையில் அப்படியே மாணவியிடம் கொடுத்தேன். என் பெயர் போட்ட நிரலை அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

முதல் முடிவு

டிசம்பரில் முதல் சுற்றுக் கணக்கு முடிந்தது. மூன்று நிலையங்களிலும் மண் அக்டோபர் நடுவில் உறைகிறது. பதினைந்து ஆண்டுகளில் பெரிய மாற்றம் இல்லை. ஒரு நிலையத்தில் தேதி சற்று முன்னால் வருவது போலக்கூடத் தெரிந்தது.

ஆர்க்டிக் பகுதி 1979க்குப் பிறகு உலக சராசரியைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. உலகெங்கும் உறைமண்ணின் வெப்பநிலை 2007 முதல் 2016 வரையிலான காலத்திலேயே சுமார் 0.3 டிகிரி ஏறியிருக்கிறது. அப்படியிருக்க இலையுதிர் உறைவில் மட்டும் மாற்றமே இல்லையா? எங்களுக்கும் உறுத்தியது. ஆனால் உறுத்தலுக்கு நாங்களே சமாதானமும் கண்டுபிடித்தோம்: ஆழம் காரணமாக இருக்கலாம், பனிப்போர்வை காரணமாக இருக்கலாம், "எதிர்பாராத முடிவும் முடிவுதான்". இந்தக் கடைசி வாக்கியத்தை நான்தான் சொன்னேன். மாணவர் ஆய்வரங்கம் ஒன்றுக்கு அந்த முடிவையே சுருக்கமாக எழுதி அனுப்பியும்விட்டோம்.

நிரல் ஓடி முடிந்ததும் ஒரு சிறு அறிக்கை தரும்: எத்தனை அளவுகள் நீக்கப்பட்டன, எந்த மாதத்தில். நீக்கப்பட்டவை ஏறக்குறைய எல்லாமே செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கத்துக்குள். ஒவ்வோர் ஆண்டும். மூன்று நிலையங்களிலும். சென்சர் பஞ்சாங்கம் பார்த்தா கெடும்? அந்த அட்டவணை அக்டோபரிலிருந்தே என் மின்னஞ்சலில் இருந்தது. மொத்த சதவீதத்தை மட்டும் பார்த்து, பரவாயில்லை என்று மூடிவைத்தேன்.

பொங்கலன்று கேட்ட கேள்வி

ஜனவரியில் பொங்கலுக்கு மாணவியின் தாய்மாமா வீட்டுக்கு வந்திருந்தார். ஜூரோங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் இருபது ஆண்டுக்கு மேலாகப் பராமரிப்பு வேலை. மடிக்கணினியில் திறந்திருந்த வரைபடத்தைப் பார்த்திருக்கிறார். நீக்கிய இடங்களை மாணவி புள்ளிக்கோடாகக் காட்டியிருந்தார். அது ஒரு நல்ல பழக்கம், நான் சொல்லிக்கொடுத்ததல்ல. அங்கே நடந்த பேச்சை மறுநாள் மாணவி எனக்குச் சொன்னபடி தருகிறேன்.

"ஏம்மா, இந்த இடத்துல கோடு ஏன் விட்டுப்போச்சு?"

"சென்சர் கெட்டுப்போச்சு மாமா. ரெண்டு மாசமா ஒரே நம்பர்."

"எந்த நம்பர்?"

"ஜீரோ."

"ஜீரோவா? அப்ப சென்சர் கெடலம்மா. அங்க தண்ணி ஐஸ் ஆகிட்டிருக்கு."

மறுவாரம் தேக்காவில் ஒரு காப்பிக்கடையில் அவரை நான் சந்தித்தேன். கோப்பி ஓ வருவதற்குள் விஷயத்தைச் சொல்லி முடித்துவிட்டார். "டிஃப்ராஸ்ட் போடுறப்ப காயில் சென்சரைப் பாருங்க சார். மைனஸ் இருபதுலேருந்து கடகடன்னு ஏறும். ஜீரோ வந்ததும் நின்னுடும். ஹீட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், நம்பர் நகராது. புதுசா வந்த பையன் சென்சர் போச்சு, மாத்தணும்னு நிப்பான். பொறுடான்னு சொல்லுவேன். ஐஸ் பூரா கரைஞ்சதும் தானா ஏறும்." அவர் சொன்னது உருகும் திசை, எங்கள் மண்ணில் நடப்பது உறையும் திசை. இயற்பியல் ஒன்றுதான்.

அவர் போகிற போக்கில் சொன்ன இன்னொன்றையும் குறித்துவைக்கிறேன். பெரிய ஃப்ரீசர் அறைகளின் தரைக்கு அடியில் சூடேற்றும் கம்பியோ குழாயோ ஓடும். இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில் குளிர் கீழே இறங்கி, அடிமண்ணின் ஈரம் உறைந்து, உப்பி, கான்கிரீட் தளத்தையே தூக்கிவிடும். சிங்கப்பூரில் உறைமண் உருவாகாமல் இருக்க மின்சாரம் செலவழிக்கிறோம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

பூஜ்யத் திரை

ஒரு கிலோ தண்ணீர் 0 டிகிரியில் உறையும்போது 334 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. அதே தண்ணீர் 80 டிகிரியிலிருந்து 0 வரை ஆறும்போது வெளியேறும் வெப்பத்துக்குக் கிட்டத்தட்ட சமம். ஈரமான மண் உறையத் தொடங்கியதும் மேலே எவ்வளவு குளிர் அடித்தாலும், அந்த வெப்பம் முழுக்க வெளியேறும்வரை வெப்பநிலை பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். உறைமண் ஆய்வாளர்கள் இதைப் பூஜ்யத் திரை என்கிறார்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிறது. நானும் படித்திருக்கிறேன். ஆனால் படித்தது ஒரு பக்கம், நிரல் ஒரு பக்கம் என்று இருந்துவிட்டது.

திரை எவ்வளவு நேரம் நிற்கும் என்பது மண்ணின் ஈரத்தையும் மேலே விழும் பனியையும் பொறுத்தது. உலர்ந்த சரளை மண்ணில் சில நாள். சதுப்பு மண்ணில், பனி சீக்கிரம் விழுந்து போர்வை போல மூடிக்கொண்டால், இரண்டு மூன்று மாதம். அந்த நாட்களில் மண்ணுக்குள் திரவநீர் இருக்கிறது, நுண்ணுயிர்கள் உழைக்கின்றன. அலாஸ்காவில் ஐந்து இடங்களில் அளந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வு, ஆண்டு முழுதும் வெளியேறும் மீத்தேனில் பாதிக்குக் குறையாத பங்கு செப்டம்பர் முதல் மே வரையிலான குளிர்ப்பருவத்திலேயே வெளியேறுகிறது என்று காட்டியது. அதில் பூஜ்யத் திரை நாட்களுக்கு முக்கிய இடம் உண்டு. எந்தப் பருவத்தை அறிய ஆய்வு தொடங்கியதோ, அந்தப் பருவத்தைத்தான் என் நிரல் வெட்டி எறிந்திருந்தது.

ஓர் ஆண்டின் கணக்கை மட்டும் விரித்துக் காட்டுகிறேன். ஒரு நிலையத்தில் செப்டம்பர் 24 முதல் நவம்பர் 25 வரை அளவு மைனஸ் 0.05ஐ ஒட்டியே நின்றது. இரு பக்கமும் மூன்று நாள் சேர்த்து, செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை 69 நாட்களை நிரல் நீக்கியது. மிஞ்சிய ஓரங்கள்: செப்டம்பர் 20இல் 0.2, நவம்பர் 29இல் மைனஸ் 1.8. இரண்டுக்கும் நடுவே நேர்கோடு. அந்தக் கோடு மைனஸ் 0.5ஐத் தொட்டது அக்டோபர் 15. மண் உண்மையில் அந்த அளவைத் தாண்டியது நவம்பர் 27. நாற்பத்து மூன்று நாள் பிசகு.

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. திரை நீள நீள, வெட்டும் நீளும். மண் தாமதமாக உறைந்த ஆண்டுகளில்தான் நிரல் அதிகமாக வெட்டியது. அதாவது மாற்றம் எவ்வளவு பெரியதோ, அவ்வளவு கச்சிதமாக அது மறைந்தது.

சமையலறைச் சோதனை

மாமா சொன்னதை அப்படியே ஏற்காமல், மாணவி சோதித்துப் பார்க்க விரும்பினார். ஆய்வகத்திலிருந்து இரண்டு சிறிய வெப்பமானிகளை எடுத்துப் போனார். இரண்டு தயிர் டப்பா. ஒன்றில் வாசல் பூந்தொட்டியின் மண்ணை அடுப்பில் உலர்த்திப் போட்டார், இன்னொன்றில் அதே மண்ணைத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து போட்டார். நடுவில் சென்சர், மூடியில் ஒரு துளை, வீட்டு ஃப்ரீசரில் ஓர் இரவு. அவர் அம்மா காலையில் கதவைத் திறந்ததும், "மீனுக்கும் தேங்காய்த் துருவலுக்கும் நடுவுல மண்ணா? எடும்மா முதல்ல" என்றாராம். அதற்குள் தரவு பதிவாகிவிட்டது.

உலர்ந்த மண் பூஜ்யத்தைக் கண்டுகொள்ளாமல் கடந்து போயிற்று. ஈரமண் முதலில் மைனஸ் 1.4 வரை இறங்கியது, உறையாமலேயே. பிறகு ஒரே தாவலில் மைனஸ் 0.1க்கு ஏறியது, உறைதல் தொடங்கிய கணம் அது. அங்கே ஆறு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நின்றுவிட்டு, அப்புறம்தான் இறங்கியது. அந்தக் கோட்டை அலாஸ்காக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தோம். மணிகளை வாரங்களாக நீட்டினால், அதே உருவம்.

இதோடு நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த ஃபிளாஸ்கில் சென்சர்களை முக்கி, இரண்டும் 0 டிகிரி காட்டுகின்றனவா என்றும் பார்த்தார். உணவகச் சமையல்காரர்கள் தங்கள் வெப்பமானியைச் சரிபார்க்கும் அதே முறைதான். ஒன்று 0.1, இன்னொன்று மைனஸ் 0.1. போதுமான துல்லியம்.

எடுத்த முடிவுகள்

முதலில் பேராசிரியரிடம் சொன்னோம். அவர் கேட்ட ஒரே கேள்வி: "வெளியே போனது எது?" ஆய்வரங்கத்துக்கு அனுப்பிய சுருக்கத்தை அன்றே திரும்பப் பெற்றோம். திருத்தி அனுப்பலாமே என்று மாணவி கேட்டார். கடைசித் தேதிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. நான் வேண்டாம் என்றேன். தவறு எங்கே என்று தெரிந்திருந்தது; சரியான விடை இன்னும் கையில் இல்லை. நான்கு நாளில் அவசரமாகப் பிடிக்கும் விடையில் இன்னொரு ஓட்டை இருக்கும் என்று பயந்தேன். அவருக்கு அது வருத்தம்தான். அந்த அரங்கில் பேசும் வாய்ப்பு இறுதியாண்டில் ஒருமுறைதான் வரும்.

நிரலில் செய்த மாற்றங்களில் முக்கியமானது, இனி அது எதையும் நீக்காது என்பது. மூல அளவு அப்படியே இருக்கும். பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் குறி மட்டும் விழும். பூஜ்யத்தைச் சுற்றி 0.3 டிகிரிக்குள் அசையாமல் நிற்கும் அளவுகளுக்குத் தனிக் குறி. தேதி கணக்கிடும்போது இடைவெளிகளைக் கோடு போட்டு நிரப்புவது அடியோடு நிறுத்தம். வேறு ஏதேனும் எண்ணில், உதாரணமாக மைனஸ் 7.3இல், ஒரு தசமம்கூட மாறாமல் நாட்கணக்கில் நின்றால் பழைய சந்தேகம் தொடரும்.

இந்த வாரங்களில் தேடிப் படித்ததில் எங்களுக்குச் சற்று ஆறுதல் தந்த செய்தி ஒன்று. 2017 டிசம்பரில், அமெரிக்காவின் நோவா அமைப்பு மாதாந்திரப் பருவநிலை அறிக்கை தயாரித்தபோது, அலாஸ்காவின் வடமுனையில் உள்ள உட்கியாவிக் ஊரின் தரவு காணாமல் போயிருந்தது. நிலையம் இடம் மாறினாலோ கருவி மாறினாலோ ஏற்படும் செயற்கைத் தாவல்களைப் பிடிக்க வைத்திருந்த கணினி முறை, அந்த ஊரின் அளவுகளை நம்ப முடியாதவை என்று ஒதுக்கிவிட்டது. கருவியில் பழுதில்லை. கடற்பனி சுருங்கியதால் ஊர் நிஜமாகவே அவ்வளவு வேகமாகச் சூடாகியிருந்தது. 2000க்குப் பிந்தைய அக்டோபர்கள் அதற்கு முந்தைய இருபது ஆண்டு அக்டோபர்களைவிடச் சராசரியாக 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம். அவர்கள் அதை மறைக்காமல் வெளியே எழுதினார்கள். இந்தப் பதிவை எழுத எனக்குத் துணிவு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

எதிர்ப்பக்கத் தவறு

சூடு பட்ட பூனை கதைதான் அடுத்து நடந்தது. பூஜ்யத்தில் நிற்பதெல்லாம் நிஜம் என்று முடிவு கட்டிவிட்டோம். புதிய கணக்கில் மூன்றாவது நிலையம் ஒரு குளிர்காலத்தில் பிப்ரவரி இறுதியிலும்கூட உறையவில்லை என்று வந்தது. மாணவிக்கு உற்சாகம். எனக்கும் கொஞ்சம்.

இந்தமுறை மற்ற ஆழங்களையும் திறந்து பார்த்தோம். 20 சென்டிமீட்டரில் மைனஸ் 9. 45 சென்டிமீட்டரில் மைனஸ் 8. நடுவில் 30இல் மட்டும் பூஜ்யம், இரண்டு மாதமாக. இது நடக்காது. மேலும் கீழும் அவ்வளவு குளிர் இருக்க, நடுவில் ஒரு ஈர அடுக்கு மட்டும் வெப்பத்தை இழக்காமல் தாக்குப்பிடிக்க முடியாது. உற்றுப் பார்த்தால் அளவுகளும் கடைசித் தசமம் வரை ஒன்றேதான். நிஜத் திரையில் அது லேசாக அலையும். அந்த சென்சர் உண்மையிலேயே செத்திருந்தது. அடுத்த கோடையில் மண் 3 டிகிரிக்கு ஏறியபோதும் அது பூஜ்யம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

எனவே கடைசி விதி ஒன்று சேர்ந்தது: அசையாத எந்த அளவையும் அதன் மேல், கீழ் ஆழங்களோடு ஒப்பிடாமல் ஏற்கவும் கூடாது, தள்ளவும் கூடாது. இந்த ஒப்பீட்டை நிரலிடம் விடவில்லை. பதினைந்து ஆண்டு, மூன்று நிலையம், நாற்பத்தைந்து வரைபடம். மாணவி ஒவ்வொன்றாகப் பார்த்தார். இரண்டு வாரம் ஆயிற்று.

விளைவு

திருத்திய கணக்கில் மண் உறைந்த தேதிகள் அக்டோபர் நடுவிலிருந்து நவம்பருக்கு நகர்ந்தன. சில ஆண்டுகளில் டிசம்பர் முதல் வாரம். முதல் இரண்டு நிலையங்களில் உறைவு தள்ளிப்போகும் போக்கு தெரிந்தது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு ஏற்ற இறக்கம் அந்தப் போக்கைவிடப் பெரியது. பனி சீக்கிரம் கொட்டிய ஆண்டுகளில் திரை நீண்டது, பனி குறைந்த ஆண்டுகளில் சுருங்கியது. பதினைந்து ஆண்டை வைத்துக்கொண்டு பருவநிலை மாற்றத்தின் அளவை இதிலிருந்து எடுத்துச் சொல்ல முடியாது என்று மாணவி தன் அறிக்கையில் எழுதினார். "மாற்றமே இல்லை" என்ற பழைய முடிவுக்கு ஆதாரம் இல்லை என்பதையும் எழுதினார்.

தரை அமுங்கியதா என்ற இரண்டாவது கேள்வி பாதியில் நின்றது. சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டர். இரண்டு மூன்று மீட்டர் அகல வாய்க்கால் அதில் தெரியாது. செப்டம்பர்ப் படங்களில் தாழ்ந்த சூரியனின் நிழலை நீர் என்று நினைத்து ஒரு வாரம் வீணானது. 2 மீட்டர் நுணுக்கமுள்ள ஆர்க்டிக்டெம் உயர வரைபடத்துக்கு மாறியபோது முதல் நிலையத்தைச் சுற்றிக் கட்டங்களின் விளிம்பு வாய்க்கால்கள் தெளிவாகத் தெரிந்தன. அவை எப்போது விழுந்தன என்று சொல்லும் அளவுக்கு நேரம் மிஞ்சவில்லை.

மதிப்பெண்ணில் அவருக்குக் குறை வரவில்லை. நேர்முகத் தேர்வில் தேர்வாளர் அதிக நேரம் கேட்டது தயிர் டப்பாவைப் பற்றித்தான்.

மாற்றிக்கொண்டவை

வேறு இடத்துக்காக எழுதிய நிரலை மாணவரிடம் கொடுக்கும்போது, அது எந்த ஊருக்காக, எந்த அனுமானங்களோடு எழுதப்பட்டது என்று முதல் பக்கத்திலேயே இப்போது எழுதிக் கொடுக்கிறேன். நீக்கச் சொல்லும் அளவுகளை மாத வாரியாகப் படம் போட்டுப் பார்க்காமல் எந்தக் கணக்கும் அடுத்த படிக்குப் போவதில்லை. இந்தப் படம் போட ஐந்து நிமிடம் ஆகும். அக்டோபரில் அந்த ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் மூன்று மாதம் மிச்சம்.

இன்னொன்று சற்றுச் சங்கடமானது. நாங்கள் யாரும், பேராசிரியர் உட்பட, உறைந்த மண்ணைக் கையால் தொட்டவர்கள் அல்ல. அதற்கு வழி இல்லாதபோது, குளிரோடு புழங்கும் ஒருவரிடமாவது ஆய்வின் தொடக்கத்திலேயே வரைபடத்தைக் காட்ட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இந்த ஆண்டு மாணவர்களை மாமாவின் கிடங்குக்கு அழைத்துப் போக அனுமதி கேட்டிருக்கிறோம். டிஃப்ராஸ்ட் ஓடும் நேரமாகப் பார்த்து வரச் சொல்லியிருக்கிறார்.

அறிக்கையின் கடைசி அட்டவணையில் நாற்பத்தைந்து கட்டங்கள். மூன்றாவது நிலையத்தில், அந்த சென்சர் செத்திருந்த குளிர்காலத்தையும் அதற்குப் பிந்தைய இரண்டையும் எதிரே எந்தத் தேதியும் இல்லாமல் விட்டார் மாணவி. கோடு போட்டு நிரப்பியிருக்கலாம். பழைய நிரல் நொடியில் செய்திருக்கும். காலியாகவே அச்சானது.